இடுப்பில் கட்டிய மூன்று கிலோ

நாக்கின் வேரில் வந்த புற்றுநோய்க்கு ஏழு வாரம் கரண்ட் வைத்துக்கொண்டு திரும்பியவன் நான். கரண்ட் என்பது நாங்கள் சொல்வது. டாக்டர்கள் கதிர்வீச்சு என்பார்கள். செம்மேட்டுச் சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ரொம்ப வலிச்சுதா? வலித்தது. அதை எத்தனை தடவை சொல்வது? எனக்கு அங்கே பெரிய சண்டை நடந்தது என் எடையோடு. அதை ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்காமலே எனக்குப் பத்தியம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் மலைமேல் ஆலத்தூர் நாடு; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியைச் சாமான் கட்டி வந்த பேப்பரில் படித்தேன், அதைவிட அதிகமாகச் சந்தையில் பேசுகிறவர்கள் வாயிலிருந்து படித்தேன். ஒருவர் ஒரு பழமொழி சொன்னால் அதை முடிந்து வைத்துக்கொண்டு அடுத்த சந்தைக்குள் நாலு பேரிடம் செலவழித்துவிடுவேன். என் வாய் ஓயாது என்று என் மனைவி அலமேலு சொல்வாள். வெற்றிலையும் புகையிலையும் போட்டு மென்றுகொண்டே பேசிய இருபத்தைந்து வருஷத்துக்குத்தான் நாக்கின் வேர் பதில் சொன்னது.

தொழில், மிளகு எடை போடுவது. முள்ளுக்குறிச்சிக் காதர் பாய் மலையேறி வந்து மிளகு வாங்குவார்; அவருக்குத் தராசு பிடிப்பது நான். எங்கள் பக்கம் எடைக்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் இரும்புப் படிக்கல்லை இன்னொருத்தன் கையில் விட மாட்டான். வேறு எவனாவது அதைத் தேய்த்தோ, மெழுகு ஒட்டியோ எடை போட்டால் கெட்டுப்போவது இவன் பேர். அதனால் எங்கே போனாலும் கற்கள் கூடவே போகும். ஒரு கிலோ இரண்டு, அரைக் கிலோ இரண்டு; பாய் தன் கடைக்கு வாங்கி, சர்க்கார் முத்திரை அடித்து என்னிடம் கொடுத்தவை. மூட்டையைத் தூக்கும்போதே உள்ளே மிளகு பேசுகிறதா, கல் பேசுகிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும். கல்லோடு வந்த மூட்டையைச் சந்தை நடுவில் கொட்டிக் காட்டி, “கல்லையும் சேர்த்துத் தூக்கிட்டு இந்த மலையெல்லாம் நடந்து வந்தியே, முதுகு வலிக்கலையா சாமி?” என்று கேட்டு எத்தனையோ பேர் மானத்தை வாங்கியிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி இருந்தது. பிறகு விழுங்கும்போது வலது காதுக்குள் சுருக்கென்று குத்தியது. மூன்று மாதம் மாத்திரை தின்றேன். கழுத்தில் ஒரு கட்டி புளியங்கொட்டை அளவுக்கு வந்த பிறகுதான் கீழே இறங்கினேன். பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே நடந்த தப்பு என்னுடையது. அவர்கள் பேர் இதில் எதற்கு?

முடிவு வந்தது. மூன்று வாரம் கழித்துச் சிகிச்சை தொடங்கும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு விதி. அலமேலுவின் அண்ணன் ஒரு வேர்ப்பொடியோடு வந்து, “மாப்பிள்ளைக்கு உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது. கறி, முட்டை, பால் மூணும் கண்ணுலயே காட்டாத. புத்துக்குத் தீனி போட்டா புத்து வளரும்” என்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர், “லங்கணம் பரம ஔஷதம்” என்று தலையாட்டினார். பட்டினியே பெரிய மருந்து என்று அர்த்தம். நானும் தலையாட்டினேன். பழமொழி என்றால் எனக்குத்தான் எதையும் நம்பத் தோன்றுமே.

சாமைக் கஞ்சியும் பொடியும் தின்று மூன்று வாரத்தைக் கடத்திவிட்டுக் கீழே போனோம். முதல் நாளே தராசில் ஏற்றினார்கள். எடை பார்க்கிறவர் ஸ்டெல்லா சிஸ்டர். அவர் எழுதிய அட்டையைக் கையில் எடுத்து டாக்டரம்மா கேட்டார்.

“உடம்பு சரியில்லாமப் போறதுக்கு முன்னாடி எத்தனை கிலோ இருந்தீங்க?”

“அம்பத்தாறுங்க. எங்க தராசுல பார்த்ததுங்க, தப்பாது.”

“இப்ப அம்பத்தொண்ணு. அஞ்சு கிலோ எங்க போச்சு?”

அலமேலு முன்னால் வந்து சொன்னாள். நல்ல மார்க் வாங்கின பிள்ளை மாதிரி அவள் முகம் இருந்தது. “பத்தியங்க டாக்டர். மூணு வாரமா கறி, முட்டை, பாலு, எண்ணெய் ஒண்ணும் குடுக்கலீங்க. வெறும் சாமைக் கஞ்சிதானுங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நீங்க சோறு போட்டாலும் போடாட்டியும் அந்தக் கட்டி தின்னும்மா. நீங்க போடலைன்னா இவர் சதையை எடுத்துத் தின்னும். மூணு வாரமா அதான் நடந்திருக்கு.”

பிறகு அவர் விளக்கமாகச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். தலை, கழுத்துப் பகுதியில் கரண்ட் வைத்தால் வாய் வெந்து புண்ணாகும். எச்சில் பசை மாதிரி ஆகும், ருசி போய்விடும். எல்லாரும் இளைக்கத்தான் செய்வார்கள். உள்ளே வரும்போதே கொஞ்சம் சதையோடு வருகிறவர்கள் அந்த ஏழு வாரத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஏற்கனவே ஒல்லியாக வருகிறவர்களும், நடுவில் கடகடவென்று இளைக்கிறவர்களும்தான் காய்ச்சல், கிருமி என்று படுத்துக்கொள்கிறார்கள். அதனால் சிகிச்சை நடுவில் நிற்கும். நின்றால் கட்டிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்ப்பார்கள்.

“சுவர் இருந்தாத்தானுங்களே சித்திரம்” என்றேன்.

“அதேதான். நீங்க சுவரைக் கரைச்சுட்டு வந்திருக்கீங்க” என்றார்.

கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை. ஐம்பது வருஷமாக ஒல்லியாக இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். மலை ஏறி இறங்குகிற உடம்பு, தொப்பை வைத்தவனுக்குத்தான் நோய் வரும் என்று வாய் கிழியப் பேசியவன். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பதைக்கூட எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரும் எள்ளு கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்தோம். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு பாத்திரம், என் துணிப்பை. பையைத் தூக்கிப் பார்த்த அலமேலு, “கரண்ட் வைக்கப் போற எடத்துக்கு இரும்பைக் கட்டிக்கிட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான்” என்று ஏசினாள். படிக்கல்லை மூலையில் வைத்தேன்.

சிகிச்சைக்கு முதலில் முகமூடி செய்தார்கள். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போடுகிறார்கள். ஈரத்துணி மாதிரி இளகியதும் முகத்தில் போர்த்தி அழுத்துகிறார்கள். ஆறினதும் என் மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் அப்படியே அச்சாகிவிட்டது. முழுக்க ஓட்டை, மூச்சு விடலாம், பேச முடியாது. தினமும் அதை என் முகத்தில் மாட்டி மேஜையோடு திருகிவிடுவார்கள். ஒரு மயிரிழைகூட அசையக்கூடாது, ஏனென்றால் கரண்ட் விழ வேண்டிய இடத்தை அந்த முகமூடி மேல்தான் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, மொத்தம் முப்பத்தைந்து. செவ்வாய்க்கிழமை தோறும் நரம்பில் மருந்தும் ஏறும். அது சிறுநீரகத்தைப் படுத்தும் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றுவார்கள்.

இரண்டாவது வாரம் வரை, “இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்” என்று பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் வாயில் நெருப்பு. சோறு மண்ணாக இருந்தது, பால் சுண்ணாம்பாக இருந்தது. அலமேலு இப்போது பத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். முட்டையை அடித்துக்கொண்டு வந்து நிற்பாள். “ஏனுங்க, ஒரு வாயி.” நான் கையை ஆட்டுவேன். “அர வாயி.” மறுபடி ஆட்டுவேன். “அப்ப எம்மேல துப்புங்க, அதுக்காவது வாயைத் தொறப்பீங்கல்ல” என்பாள். அவளை எத்தனை தடவை தட்டைத் தள்ளிவிட்டு அழ வைத்தேன் என்று எண்ண முடியாது. விழுங்க முடியாதவனிடம், “சாப்பிடு, சாப்பிடு” என்று உலகமே சொல்லும்போது வருகிற ஆத்திரம், அது வந்தவனுக்குத்தான் தெரியும். பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு, “இப்படி எளைச்சுட்டீங்களே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிஸ்கட். என் வாய்க்கு.

காத்திருக்கும் பெஞ்சில் எனக்குப் பக்கத்து ஆள் ராசிபுரத்து மணியண்ணன். நெய்க்கடைக்காரர். உள்ளே வந்தபோது தொண்ணூற்றிரண்டு கிலோ. அவருக்கும் தொண்டையில்தான்.

“கவுண்டரே, இந்த வாரம் எத்தனை?” என்றார் மூன்றாவது திங்கட்கிழமை.

“நாப்பத்தெட்டரை.”

“நான் ஆறு கிலோ எறங்கிட்டேன். டாக்டரம்மா பரவால்ல, சமாளிச்சுக்கலாம்னுட்டாங்க.” தொடையைத் தட்டிக் காட்டினார். “ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். எல்லாம் நெய்யி, கவுண்டரே. நீங்க மலையில தேனும் தினையும் தின்னு என்னத்தக் கண்டீங்க?”

சிரித்தால் வாய்ப்புண் கிழியும். அதனால் முறைத்தேன்.

அன்றைக்குத்தான் டாக்டரம்மா எனக்கு ஒரு வரம்பு வைத்தார். “நாற்பத்தெட்டுக்குக் கீழ போனா மூக்கு வழியா குழாய் போட்டுருவோம். அது வழியா கஞ்சி, பால் எல்லாம் நேரா வயித்துக்குப் போயிரும். பயப்படாதீங்க.”

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? எங்களோடு தாரமங்கலத்துப் பெரியவர் ஒருவர் மூக்கில் குழாயோடு வந்து உட்கார்ந்திருப்பார். அசைய மாட்டார், பேச மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் இடம் காலியாகிவிட்டது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? குழாய் என்றால் முடிவு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூக்கில் குழாய் தொங்க ஒருத்தன் செம்மேட்டுச் சந்தையில் நின்று மிளகுக்கு விலை சொல்வானா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே விளக்கெல்லாம் மினுக்குகிற எடை மெஷின் இருந்தது. ஒரு ரூபாய் போட்டால் சின்ன அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். நாற்பத்தேழு என்று இருந்தது. திருப்பினேன். “உமது திறமையால் தடைகளை வெல்வீர்” என்று இருந்தது. அச்சில் வந்த சொல்லை நம்புகிற பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

திங்கட்கிழமை காலை, சந்தைக்குப் போகும்போது கட்டுகிற பச்சை பெல்ட்டை வேட்டிக்கு மேல் கட்டினேன். பணம் வைக்கிற பையில் ஒரு கிலோ கல் ஒன்று, அரைக் கிலோ ஒன்று. மேலே தொளதொளவென்று சட்டை. அலமேலு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

“நாற்பத்தெட்டரை. அப்படியே இருக்கீங்களே, குட்” என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

அலமேலுவுக்கு ஆனந்தம். அந்த வாரம் முட்டையை ஒன்றுக்கு இரண்டாக அடித்தாள். அதில் பாதி சாக்கடைக்குப் போனது.

ஐந்தாவது வாரத்துக்கு முந்தைய ஞாயிறு பஸ் ஸ்டாண்டு மெஷின் நாற்பத்தைந்தரை காட்டியது. நாலு கல்லும் தேவைப்பட்டது. மூன்று கிலோ இரும்பு இடுப்பு எலும்பில் உரசுகிறது. நடக்கவே முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல். அதோடு முகமூடிக்குள் என் தாடை ஆட ஆரம்பித்திருந்தது. வெள்ளிக்கிழமையே, கரண்ட் வைக்கிற மெஷின் அறைத் தம்பி முகமூடியை மாட்டிவிட்டு யோசித்தார். “என்னங்க, மாஸ்க் லூசா இருக்குது. அட்டையில எடை எறங்கலயே?” என்றார். நான் வாய்ப்புண்ணைக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தேன். வாழ்க்கையில் பேச முடியாததை நினைத்து நான் சந்தோஷப்பட்ட ஒரே நேரம் அது.

அந்தத் திங்கட்கிழமை காதர் பாய் பார்க்க வந்தார். ஒரு தூக்குப் பாத்திரத்தில் அவர் வீட்டில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி. “நோன்பு மாசமா பாய் இது?” என்று அலமேலு கேட்டதற்கு, “நோன்பு இல்லைன்னா காய்ச்சக்கூடாதுன்னு சட்டமாம்மா? கறிச்சாறு ஊத்தி, அரிசியைக் குழைய விட்டுருக்கறாங்க. தொண்டையில தானா எறங்கும்” என்றார். பெஞ்சில் உட்கார்ந்து நான் தராசில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பத்தெட்டரை என்று சிஸ்டர் எழுதினார்.

இறங்கி வந்தேன். பாய் எழுந்து என்னை வராந்தாக் கோடிக்கு அழைத்துப் போனார்.

“பெல்ட்டு எதுக்குங்க கவுண்டரே? இங்க சந்தை எதும் கூடுதா?”

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“மூட்டை தூக்கிட்டு வர்றவன் நடையிலயே உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான். இப்ப நீங்க நடந்து வந்ததைப் பார்த்தேன்.” சட்டை மேலேயே இடுப்பைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். “என் கடைக் கல்லு. வருஷா வருஷம் முத்திரை அடிச்சுக் குடுத்த கல்லு. கல்லு வெச்சவன் மூட்டையைக் கொட்டி நடுச் சந்தையில சிரிப்பீங்களே கவுண்டரே.”

“குழா போட்டுருவாங்க பாய்” என்றேன். வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

“போடட்டும். நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாத்தான் எடை நேராகும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ‘ங்க’ போட்டுப் பேசினாரே, அதுதான் தாங்கவில்லை.

டாக்டரம்மா அறைக்குள் போனேன். அலமேலுவும் பின்னால் வந்தாள், மருந்துச் சீட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்து. வாயைத் திறந்து பேச முடியாததால் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஒரு கிலோ. ஒரு கிலோ. அரை. அரை. கண்ணாடி மேஜையில் நாலு தடவை சத்தம் கேட்டது.

“இது என்ன?” என்றார் டாக்டரம்மா. அட்டையை எடுத்துப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். புரிந்துவிட்டது. என்னை மறுபடி தராசில் ஏற்றினார்கள். நாற்பத்தைந்தரை.

அவர் கத்தவில்லை. “பொய் சொல்லணும்னா எங்கிட்ட சொல்லுங்க. எத்தனையோ பேர் சொல்றாங்க. தராசுகிட்ட சொல்லாதீங்க. நாங்க அது சொல்றதை வெச்சுத்தான் எல்லாம் செய்யறோம்” என்றார். உங்கள் எடை இறங்கவில்லை, உடம்பு தாங்குகிறது என்று நம்பித்தான் போன செவ்வாய் மருந்து ஏற்றினோம். தெரிந்திருந்தால் நிறுத்திவிட்டு முதலில் உடம்பைத் தேற்றியிருப்போம் என்றார். முகமூடி தளர்ந்திருக்கிறது, அதனால் கரண்ட் சரியான இடத்தில் விழுந்ததா என்று மறுபடி அளக்க வேண்டும் என்றார். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் திணறுவது தெரிந்தது. சிகிச்சையை நிறுத்தினார்கள். சனி ஞாயிறையும் சேர்த்து எட்டு நாள். எது நடக்கக்கூடாது என்று முதல் நாளே சொன்னாரோ அதை நானே என் கையால் நடத்திவிட்டேன்.

வெளியே வந்ததும் அலமேலு சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகு, “நேத்துத்தான் பக்கத்து ரூம் அக்காகிட்டச் சொன்னேன், எங்கூட்டுக்காரருக்கு ஒரு கிலோகூட எறங்கலீங்க, நான் பார்த்துப் பார்த்துக் குடுக்கறனுங்கன்னு” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பழமொழி ஏதும் எனக்குத் தெரியவில்லை.

பாய் கற்களைத் தன் பையில் போட்டுக்கொண்டார். “இது எங்கிட்ட இருக்கட்டும்.”

சாயங்காலமே குழாய் போட்டார்கள். மூக்கில் மரப்பு மருந்து தடவி, ஸ்டெல்லா சிஸ்டர் தள்ளத் தள்ள நான் தண்ணீரை விழுங்க வேண்டும். குமட்டியது, கண்ணில் நீர் வந்தது. மூன்று நிமிஷத்தில் முடிந்தது. அதற்குப் பயந்தது இரண்டு வாரம். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னை அறையலாம் போல் இருக்கிறது.

குழாய் வழியாக முதலில் போனது பாய் வீட்டு நோன்புக் கஞ்சி. அலமேலு வெள்ளைத் துணியில் வடிகட்டி, பெரிய ஊசிக்குழலில் ஊற்றி, கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ருசி தெரியவில்லை, வயிற்றுக்குள் சூடு இறங்குவது மட்டும் தெரிந்தது. “இப்பத் துப்ப முடியாதுல்ல” என்றாள். மூன்று வாரமாக நான் கேட்காத சிரிப்பு அது. அன்றிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு தடவை. பால், முட்டை, ராகிக் கூழ், கறிச்சாறு, பருப்புத் தண்ணீர். தன் அண்ணன் கண்ணில் காட்டக்கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் மூக்கு வழியாக ஊற்றினாள்.

இன்னொரு முகமூடி செய்தார்கள். ஆறின பிறகு மெஷின் அறைத் தம்பி அதைப் பழைய முகமூடிக்குள் வைத்துப் பார்த்தார். பெரிய குண்டானுக்குள் சின்னக் குண்டான் மாதிரி உள்ளே அடங்கி உட்கார்ந்தது. “பாருங்க” என்றார். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. கண்ணாடியில் பார்த்தபோது தெரியாதது, தராசை ஏமாற்றி மறைத்தது, அந்தச் சந்தில் எனக்குத் தெரிந்தது. இரண்டு முகமும் என்னுடையதுதான். நடுவில் இருந்தவன் எங்கே போனான்?

முப்பத்தைந்தையும் முடித்தேன். கடைசி நாள் நாற்பத்தாறு கிலோ. அந்தக் கடைசி மூன்று வாரத்தில் இறங்கவே இல்லை. அரைக் கிலோ ஏறியது. கல் இல்லாமல்.

குழாயை எடுத்த பிறகு செம்மேட்டுக்குத் திரும்பி வந்த முதல் சந்தையில் பாய் என்னை மிளகு மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் ஏறச் சொன்னார். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். “பச்சை மிளகு மாதிரி போனவரு, காஞ்ச மிளகு மாதிரி வந்துட்டாருப்பா” என்று ஒருத்தன் சொன்னான். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“கல்லு எப்பக் குடுப்பீங்க பாய்?” என்றேன்.

“அம்பது ஆகட்டும்.”

ஏழு மாதம் ஆனது. அதுவரை தராசு பிடித்தது பாய். நான் பக்கத்தில் நின்று மூட்டையைத் தூக்கிப் பார்த்துச் சொல்கிறவன் மட்டும். ஒவ்வொரு சந்தையிலும் கடைசி மூட்டைக்குப் பிறகு என்னை ஏற்றுவார். சந்தைக்கே என் எடை தெரியும். “என்ன கவுண்டரே, நாப்பத்தொம்பதுல நின்னுட்டீங்க, மழை இல்லையா?” என்பார்கள். கோபம் வரும். வீட்டுக்குப் போய் இன்னொரு முட்டை தின்பேன்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது காத்திருக்கும் பெஞ்சில் ஒருவர் பன்னைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம். தாரமங்கலத்துப் பெரியவர். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு முப்பத்தைந்து முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உலகத்தையே கேள்வி கேட்கிற வாய், அங்கே மட்டும் மூடிக்கொண்டது.

மணியண்ணன் எழுபத்தொன்பது கிலோவோடு, குழாய் இல்லாமல் முடித்துப் போனார். மறு வருஷம் நோய் திரும்பி வந்ததில் இறந்துபோனார். சதை இருந்தால் போதும் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று இதையும் எழுதுகிறேன். சதை ஏழு வாரத்தைக் கடக்க உதவும் என்றுதான் டாக்டரம்மா சொன்னார்; அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. அந்த எட்டு நாள் எனக்கு என்ன செய்தது என்று கேட்டேன். “தெரியாது. இது வரைக்கும் ஒண்ணும் இல்ல. வந்துட்டே இருங்க” என்றார். என் வலது காதில் ஒரு வண்டு இரைந்துகொண்டே இருக்கிறது. அது மருந்தின் வேலை. அளவாக ஏற்றினாலும் சிலருக்கு வருமாம். என் மூன்று கிலோவால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தை இரைச்சலில் ஒருவர் நல்ல பழமொழி சொன்னால் இப்போதெல்லாம் பாதிதான் காதில் விழுகிறது. மீதியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

போன மாதம்கூட எங்கள் நாட்டிலிருந்து ஒருவர், வாயில் ஆறாத புண்ணோடு வந்து நின்றார். கீழே போகத் தேதி வாங்கியிருக்கிறார். கூட வந்தவர், “இப்பவே உப்பு, எண்ணெய் நிறுத்தியாச்சுங்க” என்று பெருமையாகச் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எத்தனை தடவை, எத்தனை பேருக்குச் சொல்வது? அதுதான் எழுதிவிட்டேன். படித்துக் காட்டிவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமும் நான் தராசுக்குப் பக்கத்தில் வந்தால் ஸ்டெல்லா சிஸ்டர் எழுந்துவிடுவார். “கவுண்டரே, பெல்ட்டு” என்று எல்லார் முன்னாலும் சொல்லி, சட்டையைத் தூக்கச் சொல்லி இடுப்பைத் தட்டிப் பார்த்த பிறகுதான் ஏற விடுவார். பெஞ்சில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். எனக்குக் காது சூடாகும்.

இந்த முறை போனபோது ஸ்டெல்லா சிஸ்டர் இல்லை. புதிதாக ஒரு சிஸ்டர். என்னைப் பார்க்காமலே, “ஏறுங்க” என்றார்.

நான் ஏறவில்லை. சட்டையைத் தூக்கி, ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன்.

“எதுக்குங்க இது?” என்றார்.

“ஒண்ணுமில்ல கண்ணு, பார்த்துக்க” என்று சொல்லிவிட்டு ஏறினேன். முள் ஐம்பத்து மூன்றில் நின்றது.